மாப்பிள்ளை நாற்காலி

டிரைவிங் டீச்சருக்கு யாரையாவது நாலு கேள்வி கேட்காவிட்டால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கியர் போடப் பழகுவதற்கு முன்பே மாமியார் சண்டை, தங்கையின் நின்றுபோன கல்யாணம், பள்ளிக்கூடத்தில் கோட்டை விட்ட பாடம் எல்லாவற்றையும் கக்கிவிடுவார்கள். கக்காமல் என்ன செய்வது? கை ஸ்டியரிங்கில், கண் சாலையில், கால் கிளட்ச்சில் நடுங்குகிறது. பக்கத்து சீட்டில் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி, "அது கிடக்கட்டும், உங்க அண்ணன் ஏன் உங்ககூடப் பேசறதில்லை?" என்று கேட்கிறாள். அந்த நேரத்தில் பொய் ஜோடிக்க மூளையில் இடமேது?

இப்படிப்பட்டவளைச் சபை வாசலில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களை வரவேற்கிற பொறுப்பு அவளுடையது. புது முகம் ஒன்று கேட்டைத் தாண்டினால் போதும், பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். பெயர், வேலை, பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்து, முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஆராதனை நடுவில் அவர்களை எழுப்பி நிறுத்திச் சபையே கைதட்டும். கைதட்டலை ஆரம்பித்து வைப்பதும் அவள்தான்.

இவ்வளவும் செய்கிறவளின் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே வருவதில்லை. அவர் பேக்கரி மாஸ்டர். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த எல் போர்டு காரில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஸ்டியரிங் அவர் கையில். பழக்கதோஷத்தில் அவள் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பாள், வண்டி குலுங்கும். எதிர்ப்புறம் மரநிழலில் காரை நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

உள்ளே பாட்டுப் பாடும்போது அவள் தன் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்திருப்பாள். வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே. அந்த இடத்தில் அவர் வந்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசை எதுவும் இல்லை. அதற்காக அழுதிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், பட்டினி கிடந்து ஜெபித்திருக்கிறாள். மனிதர் மசிந்தால்தானே.

அவர் ஏன் வராமல் நின்றார் என்பது சபைக்கே தெரிந்த கதை. மாப்பிள்ளை முறுக்கு. அவளுடைய அப்பா அந்தச் சபையின் மூப்பர், ஆளும் பெரியவர் வாக்கும் பெரியது. அவருக்கு மாப்பிள்ளையாக, சர்ச் வாசலையே மிதிக்காத ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து, தானாகவே ஆராதனைக்கும் வந்து உட்கார்ந்தால் விடுவார்களா? தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவருக்கென்று கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலி ஒன்று வந்தது. போதகருக்கு முன்பாக அவர் கைக்கு டீ வந்தது. கொஞ்ச காலம் அப்படிப் போனது. பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. "எங்கேயோ மரியாதை குறைஞ்சிருக்கு" என்று அப்பா தீர்மானித்தார். என்ன தப்பு என்று தெரியாமலேயே மன்னிப்புக் கேட்க, பெரியவர்கள் பழக்கூடையோடு பேக்கரிக்கே போனார்கள். மாவுக் கையோடு நின்றிருந்த மனிதரைச் சுற்றி நின்று ஜெபம்கூடச் செய்தார்கள். தேக்கு நாற்காலிக்கு நேர் மேலே புது ஃபேன் மாட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்டைத் தாண்டி உள்ளே தலைகாட்டவே இல்லை. அப்பா கண்ணை மூடும்வரை அந்தக் குறையோடுதான் இருந்தார்.

இந்த நிலையில்தான் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். சின்ன வயது, மெல்லிய குரல், ஆனால் கேள்வி மட்டும் ஊசி. ஒருநாள் கமிட்டிக் கூட்டத்தில் கேட்டார்:

"போன வருஷம் புதுசா வந்தவங்க எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சா இந்த ஹால் பத்தாது. அவங்கள்ல இன்னிக்கு யாரு இருக்காங்க?"

யோசித்துப் பார்த்தால் லாரி டிரைவர் ஒருவரைத் தவிர ஆளில்லை. எல்லோர் கண்ணும் டீச்சர் பக்கம் திரும்பியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் பிடித்துப் பிடித்து உள்ளே விட்டவள் அவள்தான். பின்வாசல் வழியாக எல்லோரும் போய்க்கொண்டிருந்தால் யாருக்குத்தான் உறைக்காது?

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மைக் சரியில்லை என்றார் ஒருவர். வண்டி நிறுத்த இடமில்லை என்றார் இன்னொருவர். பிரசங்கம் கொஞ்சம் நீளம் என்று யாரோ முணுமுணுக்க, போதகர் சிரித்துக்கொண்டார். அவளுடைய அப்பாவின் பழைய சிநேகிதரான பொருளாளர், "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க. வர்றவன் போவான், அது உலக வழக்கம்" என்று கதையை முடித்துவைக்கப் பார்த்தார்.

"நாமளே ஊகிச்சுக்கிட்டிருக்கோம்," என்றார் போதகர். "போனவங்ககிட்ட யாராவது கேட்டோமா?"

"நான் கேக்கறேன்" என்றாள் டீச்சர். கேள்வி கேட்பதற்கு ஒரு வேலை இருந்து, அதை அவளுக்குக் கொடுக்காமல் போனால் அவமானம்.

முதலில் அகப்பட்டவள் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளை வழிமறித்து எல் போர்டு காரில் ஏற்றிக்கொண்டாள். ஏறும்போதே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, சர்ச்சுக்கு ஏன் வரலைன்னுதானே கேக்கப் போறீங்க?"

"ஆமா. மறைக்காம சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நினைச்சுக்குவீங்க. இருந்தாலும் சொல்றேன்." நர்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "முதல் வாரம் நிக்க வெச்சுக் கைதட்டுனீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாரமும் தட்டுனீங்க. அடுத்த வாரம் வேணும்னே லேட்டா வந்து கடைசி பெஞ்சுல தூணுக்குப் பின்னாடி உக்காந்தேன். நீங்க தேடி வந்து, கையைப் பிடிச்சு முன்னாடி இழுத்துட்டுப் போனீங்க."

"பின்னாடி உக்காந்தா நாங்க மதிக்கலைன்னு ஆயிடாதாம்மா?"

"அக்கா, வார்டுல நாள் பூரா அம்பது கண்ணு என்னையே பார்த்துக்கிட்டிருக்கும். யாரும் என்னைப் பார்க்காத இடத்துல கொஞ்ச நேரம் உக்காந்து அழணும்னுதான் நான் அங்க வந்தேன். அப்ப எங்கம்மா போயி கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு."

டீச்சரின் கால் தானாக பிரேக்கில் அழுந்தியது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து இரண்டு வசவும் கொடுத்துவிட்டுப் போனான்.

"எனக்குத் தெரியாதேம்மா. நான்தான் உன்கிட்ட எல்லாம் கேட்டேனே?"

"எங்கே வேலை, என்ன சம்பளம், கல்யாணம் ஏன் இன்னும் ஆகலை, எல்லாம் கேட்டீங்க அக்கா. எங்க பெரியம்மாகூட இத்தனை கேட்டதில்லை." நர்ஸ் சிரித்தாள். வன்மமில்லாத சிரிப்புத்தான். ஆனாலும் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று இரவு சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்து அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவர். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திக் கேட்டாள். "வீடு மாத்திட்டேன் மேடம். பக்கத்துலயே ஒரு சர்ச் இருக்கு, அங்க போறேன்" என்றார் அவர். "உண்மையான காரணம் அதுதானா? எங்க பேர்ல ஏதாவது மனத்தாங்கல்?" என்று துருவினாள். "வீடு மாத்திட்டேன் மேடம்" என்றார் மறுபடியும். இன்னும் கொஞ்சம் குடைந்து பார்த்தாள், உள்ளே ஒன்றுமே இல்லை. மனிதர் வீடுதான் மாற்றியிருந்தார். அவளுக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம்.

இன்னும் சிலரைத் தேடிப் பிடித்தாள். எல்லோரும் சபையைப் புகழ்ந்தார்கள். "ரொம்ப மரியாதையான ஜனங்க" என்றார்கள். மரியாதையான ஜனங்களை விட்டுவிட்டு ஏன் ஓடினீர்கள் என்றால் தலையைச் சொறிந்தார்கள். அவளுக்கு மண்டை காய்ந்தது. ஒரு சபை கெட்ட பேர் எடுத்து ஆளை இழந்தால் புரிந்துகொள்ளலாம். நல்ல பேரை வாங்கிக்கொண்டு ஆளை இழப்பது என்ன கணக்கு?

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லாரி டிரைவர் வழக்கம்போல நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போனவர்களிடம் எல்லாம் கேட்டாயிற்று. இருக்கிற ஒற்றை ஆளிடம் கேட்கவில்லையே.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் போயிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் போகலை?"

லாரி டிரைவர் சங்கடமாகச் சிரித்தார். "சொன்னா கோவிச்சுக்குவீங்க டீச்சர்."

"இந்த வாரம் பூரா அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. சும்மா சொல்லுங்க."

"நான் முதமுதல்ல வந்த அன்னிக்கு நீங்க வாசல்ல இல்லை. உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க." அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "யாரும் என்னைக் கண்டுக்கலை. தண்ணி குடிக்கலாம்னு சமையலறைப் பக்கம் போனேன். அங்க சித்தி நின்னுட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், 'என்ன மரம் மாதிரி நிக்கறே, அந்த டீ கேனைப் பிடி, என் கை போகுது'ன்னு ஒரு அதட்டல். பிடிச்சேன். அப்புறம் டம்ளர் கழுவச் சொன்னாங்க, கழுவினேன். சரியாக் கழுவலைன்னு திட்டும் வாங்கினேன்."

சித்தி என்பது சமையலறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள். யாருக்குச் சித்தி என்று யாருக்கும் தெரியாது, வாய் மட்டும் ஊருக்கே தெரியும்.

"திட்டு வாங்கிட்டா இங்கயே தங்கிட்டீங்க?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை படுத்துக்கிட்டே யோசிக்கறேன், நான் போகாட்டி அந்த அம்மாவுக்கு கேனை யார் தூக்கித் தருவாங்கன்னு. அந்த நினைப்பு வந்துட்டுது. எழுந்து வந்துட்டேன். சாமி கும்பிடறது எல்லாம் அப்புறம் மெதுவா ஒட்டிக்கிச்சு."

தனக்குக் காய்ச்சல் வந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தவர்தான் சபையில் நிலைத்தார் என்றால் சிரிப்பதா அழுவதா? கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மரநிழலில் கார். உள்ளே, செய்தித்தாளுக்கு அடியில், அவளுடைய புருஷன். அவளுக்கு அப்போதுதான் பொட்டில் அடித்தது போல இருந்தது. இவரும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்தானே.

ஏறி உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகப் போனார்.

"இருங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளேன். நீ கேக்காம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

"நீங்க ஏன் உள்ளே வர்றதை நிறுத்துனீங்க?"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடி வழியாக சர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"வருஷா வருஷம் சுவருக்கு வெள்ளையடிப்பாங்களே, அந்த மாதிரி ஒரு சனிக்கிழமை. பேக்கரியில லீவு சொல்லிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு ஆசையா வந்தேன். உள்ளே நுழையறேன், உங்க அப்பா நாற்காலியைத் தூக்கிட்டு ஓடி வர்றாரு. 'மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க'ன்னு நடு ஹால்ல போட்டுட்டாரு. எல்லாரும் சுவரைச் சுரண்டறாங்க, பாடறாங்க, ஒருத்தர் தலையில ஒருத்தர் சுண்ணாம்பைத் தெளிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. நான் மட்டும் கொலு பொம்மை. எழுந்தா உக்கார வெக்கறாங்க. பிரஷ்ஷைத் தொட்டா பிடுங்கிக்கறாங்க. எனக்கு இந்தக் கை சும்மா இருக்காது, உனக்கே தெரியும். மாவு பிசையற கை." அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "நான் சாகற வரைக்கும் இங்க விருந்தாளிதான்னு அன்னிக்குப் புரிஞ்சுது."

"அப்ப மரியாதை குறைஞ்சுதுன்னு கோவிச்சுக்கிட்டு நீங்க..."

"குறைஞ்சுதா? அந்த மரியாதை தாங்காமத்தானே ஓடினேன். சரி, கொஞ்ச நாள் கழிச்சு மெதுவா வரலாம்னு நினைச்சிருந்தேன். அதுக்குள்ள பழக்கூடையோட வந்து நின்னாங்க பாரு, அத்தோட முடிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. "இதை ஏன் எங்கிட்ட இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீ கேக்கலை" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை இன்னும் சுட்டது. "ஊர்ல போறவன் வர்றவன் எல்லாரையும் கேக்கறே. எனக்காக அழுதே, என்னோட சண்டை போட்டே, சாப்பிடாமக் கிடந்தே. ஏன்னு மட்டும் ஒரு தடவைகூடக் கேக்கலை."

"தெரியும்னு நினைச்சேன்" என்றாள். வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அப்பாவும், பொருளாளரும், அவளும் சேர்ந்து அன்பு அன்பு என்று இந்த மனிதரை வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள். அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் மூக்கைச் சிந்தினாள். வழிநெடுக பிரேக்கை மிதிக்காமல் வந்தாள்.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில், "சனிக்கிழமை சர்ச்சுல வெள்ளையடிக்கறாங்க. ஆள் பத்தாதாம்" என்று மட்டும் சொன்னாள். வாருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது, கடித்து விழுங்கிவிட்டாள். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். சனிக்கிழமை காலையில் காரில் சாவியைப் போடும்போது பார்க்கிறாள், முழங்கையில் கிழிந்த சட்டையோடு அவர் வந்து ஏறுகிறார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வாழ்க்கையில் அது சாதாரண சாதனை இல்லை.

ஹாலுக்குள் பெஞ்சுகளை எல்லாம் சுவரைவிட்டு நகர்த்திப் பழைய துணி போட்டு மூடியிருந்தார்கள். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். லாரி டிரைவர் உப்புத்தாளை வைத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் பொருளாளர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், கையிலிருந்த பிரஷ் வாளிக்குள் விழுந்தது.

"மாப்பிள்ளை வந்துட்டாரு! யாருப்பா அங்க, அந்த நாற்காலியை எடுங்க. சித்தி, டீ."

கிழவருக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ, அவரே சாமான் அறைக்குள் ஓடி, தேக்கு நாற்காலியைத் துடைத்துக்கொண்டே தூக்கி வந்து நடு ஹாலில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "உக்காருங்க மாப்பிள்ளை. மூப்பர் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கலையே."

டீச்சர் தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் வாசல் பக்கம் திரும்பப் போகிறது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் மனிதர் மரநிழலுக்குப் போய்விடுவார், பிறகு இந்த ஜென்மத்தில் இல்லை. பொருளாளரைத் திட்டலாம் என்றால் அவர் அன்பாகச் செய்கிறார், கண்ணீரோடு நிற்கிற கிழவரை என்ன சொல்லித் திட்டுவது? விளக்கம் சொல்லவும் நேரமில்லை.

அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அது மாப்பிள்ளைக்கு" என்றார் பொருளாளர்.

"நான் மூப்பர் மகள், மாமா. எனக்கு இந்த நாற்காலியில உக்கார உரிமை இல்லையா? எனக்குக் கால் வலிக்குது. அவர் வேலை பார்க்கட்டும்."

சித்தி கொண்டுவந்த டீயையும் அவளே வாங்கிக்கொண்டாள். ஏணி மேலிருந்து போதகர் ஒரு பார்வை பார்த்தார், புரிந்துகொண்டார். "அண்ணே, இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்களேன், ஆடுது" என்றார். அவள் வீட்டுக்காரர் போய் ஏணியைப் பிடித்தார். பிறகு லாரி டிரைவர் ஒரு உப்புத்தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

வேலை மறுபடி தொடங்கியது. அவள் டீயைக் குடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக, யாருடைய முகமும் தன் பக்கம் இல்லை என்பதைக் கவனித்தாள். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒரு மூலையில் ஏதோ சொல்லி வெடித்துச் சிரித்தார்கள், என்னவென்று அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லை டீச்சர், நீங்க உக்காருங்க" என்றார்கள். எழுந்து ஒரு துணியை எடுக்கப் போனாள். "நீங்க எதுக்கு, சும்மா இருங்க" என்று யாரோ வாங்கிக்கொண்டார்கள். கையை மடியில் வைத்தாள், கைப்பிடியில் வைத்தாள், காலி டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். பிறந்ததிலிருந்து ஓடி விளையாடிய ஹால். அதில் அவளுக்கு வேற்று வீட்டில் உட்கார்ந்திருப்பது போலக் கூச்சமாக இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. காரில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்ததும் சுவர் பக்கம் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு காலை நேரமே தன்னால் தாங்க முடியவில்லை, அவர் இதில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருந்தார்.

சுவர் பக்கத்திலிருந்து அவர் திரும்பினார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூள். அடுப்படியிலிருந்து மாவோடு வருகிற அதே முகம்.

"என்ன டீச்சர், காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே? இந்த மூலை கைக்கு எட்டலை. வந்து வாளியைப் பிடி."

அவள் எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டது. ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள். அழுகிறாளா என்று அவர் பார்த்தார், அழுதுகொண்டுதான் இருந்தாள். அவர் பிரஷ்ஷைத் தோய்த்து மேலே ஒரு இழுப்பு இழுத்தார். அவள் தலையில் இரண்டு சொட்டு விழுந்தது.

"நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "ஜனம் வர்றதுக்குள்ள பெஞ்சை எல்லாம் திரும்பப் போடணுமாம். நானும் லாரிக்காரரும் வர்றோம்னு சொல்லிட்டோம்."